மணிக்கூண்டுக்குக் கீழே சிக்னல் இல்லை

அனுப்புநர்
ஆ. ஜெபக்குமார், வயது 23,
சர்ச் தெரு, காலனி,
கீழ்ச்சாலூர் ஊராட்சி,
செங்கல்பட்டு வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
செங்கல்பட்டு.

பொருள்: எங்கள் சபையின் மணிக்கூண்டில் கருவி வைத்துக் கம்பியில்லா இணையம் வழங்கும் 'சுடரலை நெட்' நிறுவனம் காலனி வீடுகளுக்கு மட்டும் இணைப்பு மறுப்பது – கிறிஸ்துமஸுக்கு முன் விசாரித்து உத்தரவிட வேண்டுவது.

மதிப்புக்குரிய கோட்டாட்சியர் அய்யா அவர்களுக்கு,

1. எங்கள் கோயில் மணியின் நாக்கைக் கட்டிவைத்துவிட்டு, அந்த மணிக்கூண்டின் உச்சியில் டிஷ் வைத்து, சுடரலை நெட் என்ற நிறுவனம் இணையம் விற்கிறது. மணிக்கூண்டைச் சுற்றியுள்ள எங்கள் தெருவுக்கு மட்டும் விற்க மறுக்கிறது. காரணம் சாதி. இதைச் சந்தேகமாக எழுதவில்லை, நடந்ததாக எழுதுகிறேன்.

2. நான் மின்னணுவியல் மற்றும் தொலைத்தொடர்பில் டிப்ளமோ முடித்தவன். கேளம்பாக்கத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் காண்ட்ராக்ட் ஊழியனாக நெட்வொர்க் பிரிவில் இருக்கிறேன். பகல் முழுவதும் அடுத்தவர் இணையத்தைப் பழுது பார்ப்பது என் வேலை. என் அக்கா ஜாக்குலின், அமெரிக்க மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலையில் இருக்கிறாள். இப்போது கைக்குழந்தையோடு விடுப்பில் உள்ளாள். எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்த இரவு வேனை அவளுடைய நிறுவனம் நிறுத்திவிட்டது. புத்தாண்டு முதல் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றும், இந்த டிசம்பர் முடிவதற்குள் வீட்டில் நிலையான இணைய இணைப்பு இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போகும் என்றும் தெரிவித்துள்ளது. நோயாளிகளின் விவரம் என்பதால் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து செய்ய அனுமதி இல்லை. அக்காவின் கணவருக்கு நிரந்தர வேலை கிடையாது. எங்கள் வீடு அவளுடைய வேலையை நம்பித்தான் நடக்கிறது. இந்த மனு அந்த ஒரு வேலையைப் பற்றியது. மற்றவை அதைச் சுற்றி நடந்தவை.

3. வேறு இணைப்பு வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் இதைத் தேர்ந்தெடுத்தோம். தொலைபேசிக் கம்பி, எங்களுக்கு வடக்கே சவுக்குத் தோப்பைத் தாண்டியுள்ள எழில் நகர் மனைப்பிரிவு வரை வந்து நின்றுவிட்டது. கேளம்பாக்கத்தில் கேபிள்காரர்கள் தரும் இணையம் பழைய மகாபலிபுரம் சாலையை விட்டு இறங்காது. நடுவில் கால்வாயும் உப்பங்கழியும் இருக்கின்றன. பெரிய கைபேசி நிறுவனம் ஒன்றின் டேட்டா கார்டை நண்பரிடம் இரவல் வாங்கி வந்து பார்த்தேன். மொட்டை மாடியின் கிழக்கு மூலையில் வைத்தால் வந்தது. அதுவும் ஒரு படம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். அக்காவின் ஒலிக்கோப்புகள் அதில் இறங்காது.

4. இந்த நிலையில்தான், ஈஸ்டர் முடிந்த சமயம், திருப்போரூரைச் சேர்ந்த திரு. சீனு சுடரலை நெட் என்ற பெயரில் கம்பியில்லா இணையம் கொண்டுவருவதாக அறிந்தேன். அவர் அலுவலகத்துக்கு நேரில் போனேன். கீழே மனை விற்பனை அலுவலகம், மாடியில் இணைய அலுவலகம். இரண்டும் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம் என்பதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மின்சாரம் போனால் பேட்டரி தாங்குமா, பழுதானால் யார் வருவார்கள், எத்தனை வீட்டுக்கு ஒரு லைனைப் பகிர்வார்கள் என்று கேட்டேன். தடுமாறாமல் பதில் சொன்னார். பெரிய நிறுவனம் என்றால் குறையைக் கேட்க முகமே இருக்காது, சின்ன நிறுவனம் என்றால் சைக்கிளை மிதித்துப் போய்ச் சட்டையைப் பிடித்தாவது கேட்கலாம் என்று நினைத்தேன். எங்கள் தெருவில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். ஒன்றை யோசிக்கவில்லை. பெரிய நிறுவனத்துக்கு நாங்கள் வெறும் வாடிக்கையாளர் எண். சின்ன நிறுவனத்துக்கு நாங்கள் எந்தத் தெரு என்பது தெரியும்.

5. அதே வாரம் தொலைபேசித் துறையின் லைன்மேன் வந்து, காலனியில் போதிய வீட்டார் கையெழுத்திட்டால் கம்பியை எங்கள் தெரு வரை நீட்ட மேலே எழுதுவதாகச் சொன்னார். கம்பியில்லாமலே வரப்போகிறதே என்று யாரும் கையெழுத்திடவில்லை. அந்த லைன்மேன் இப்போது மதுராந்தகம் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார்.

6. திருப்போரூரிலிருந்து வரும் சிக்னலைக் கடற்கரைப் பக்கம் வாங்கித் திருப்பிவிட உயரமான இடம் வேண்டும். இந்த வட்டாரத்தில் சவுக்குக்கு மேலே தலை நீட்டும் கட்டடம் எங்கள் மணிக்கூண்டு ஒன்றுதான். திரு. சீனு சபைக் கமிட்டிக்கு வந்தார். டிஷ் வைக்க இடம் கொடுத்தால் முதல் இணைப்புகள் காலனிக்குத்தான் என்றார். வாடகையை அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கூட்ட முடிவில் போதகர் ஜெபம் செய்தார். திரு. சீனுவும் எழுந்து நின்று, கண்ணை மூடி, எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொன்னார். ஜெபத்தோடு முடிந்த பேச்சுக்கு எங்கள் சபையில் எழுத்து கேட்கும் வழக்கம் இல்லை. கேட்பது ஜெபத்தை நம்பவில்லை என்று சொல்வதுபோல ஆகும். அதனால் எங்களிடம் ஒப்பந்தம் எதுவும் இல்லை. தங்கள் அலுவலகத்தில் முதலில் கேட்கப்போவது அதைத்தான் என்பதால் முன்பே சொல்லிவிடுகிறேன்.

7. டிஷ் ஏறிய பிறகு ஒரு சிக்கல் வந்தது. மணிக்கூண்டு குறுகலானது, பழையது. மணியை அடித்தால் டிஷ் மாட்டிய கம்பம் ஆடியது. கம்பம் ஆடினால் திருப்போரூரோடு உள்ள தொடர்பு அறுந்தது. "கொஞ்ச நாளைக்கு மணி வோணாம் அய்யரே. நான் இரும்புல வேற ஸ்டாண்டு அடிச்சினு வந்து மாட்டிர்றேன்" என்று திரு. சீனு போதகரைக் கேட்டுக்கொண்டார். மணியடிப்பவரே மேலே ஏறி மணியின் நாக்கைத் துணி சுற்றிக் கட்டினார். இறங்கி வந்ததும், "ஆண்டவருக்கு சிக்னல் போவுதோ இல்லியோ, எயில் நகருக்கு நல்லா போவுது" என்றார். அன்று எல்லோரும் சிரித்தோம்.

8. வேறு ஸ்டாண்டு இன்றுவரை வரவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு முதல் மணிக்குப் பதிலாகப் போதகர் ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறார், இரண்டாம் மணிக்கு இன்னொன்று. கைபேசி இல்லாத வீட்டுக்கு அதுவும் இல்லை. எங்கள் சபையில் யாராவது இறந்தால் வயதுக்கு ஒன்றாக மணி அடிப்போம். வயலிலோ, சாலையோர ஹோட்டலிலோ, மாமல்லபுரத்துக் கடையிலோ வேலையில் இருப்பவர்கள் எண்ணிப் பார்த்து, இன்னார் போய்விட்டார் என்று தெரிந்துகொண்டு வருவார்கள். ஐப்பசி மழையில் என் பெரியப்பா இறந்தார். மணி அடிக்கவில்லை. அவரோடு காலமெல்லாம் கல் உடைத்தவர்கள் சிலர், அடக்கம் முடிந்து நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தார்கள். கடல் உள்ளே வந்த அந்தக் காலையில் எங்களை ஓடவைத்ததும் இதே மணிதான். இப்போது கடல் வந்தால் போதகர் மிஸ்டு கால் கொடுக்க வேண்டியிருக்கும்.

9. எழில் நகரில் இணைப்பு கேட்ட அத்தனை வீட்டுக்கும் கொடுத்துவிட்டார்கள். கடற்கரை ஓய்வு விடுதிகளுக்கும் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்கப் போனேன். திரு. சீனு சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன்: "உங்க தெருவுக்கு சிக்னல் வராதுப்பா. நடுவுல சவுக்கு மறைக்குது. நான் இன்னா பண்றது?" எழில் நகருக்குப் போகும் சிக்னலும் அதே தோப்பைத் தாண்டித்தான் போகிறது. தோப்பின் ஓரத்து நாலு மரம் எங்கள் பக்கம் நிற்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. புரட்டாசியில் தோப்புக்காரர் தம் முறைப்படி சவுக்கை வெட்டி லாரியில் ஏற்றிவிட்டார். மொட்டைத் தரையாகிவிட்டது. திரும்பவும் போனேன். இப்போது அவர் சொன்னது: "நீங்க டவருக்கு நேர் கீய கீறீங்க. சிக்னலு தலைக்கு மேல போய்டும். கீய எறங்காது." அதாவது, முதலில் மரம் மறைத்தது. மரம் போனதும், நாங்கள் மிகப் பக்கத்தில் இருப்பது குற்றமாகிவிட்டது. என் வீடு கோயிலிலிருந்து தெருக்கோடியில் இருக்கிறது. வாசலில் நின்றால் டிஷ் என் முகத்தைப் பார்க்கிறது. முன்பணம் எடுத்துப் போயிருந்தேன். அதை வாங்கவும் மாட்டேன் என்றார்.

10. சிக்னல் வரும் என்பதற்கு ஆதாரம் உண்டு. கார்த்திகை மாதக் காற்றில் கம்பம் சற்றே திரும்பிவிட்டது. சரிசெய்ய வந்த டெக்னீஷியன் திரு. ஷ்யாம், சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரிசீவரை எங்கள் மாடியில் வைத்தார். பச்சை விளக்கு ஆடாமல் நின்றது. "இன்னா மச்சான், உன் வூட்ல ஃபுல் சிக்னல் கீது, நீ எதுக்கு கேளம்பாக்கம் வரைக்கும் ஓடினுகீற?" என்றார். வேலை முடியும்வரை அதை அங்கேயே விட்டுவைத்தார். அந்தப் பிற்பகல் எங்கள் வீட்டில் இணையம் இருந்தது. ஜாக்குலின் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே ஒரு சோதனைக் கோப்பைத் தட்டச்சு செய்து அனுப்பினாள். வேகம் போதுமானது, இந்த இணைப்பு ஏற்கத்தக்கது என்று அவள் நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. அதைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஷ்யாமுக்குத் திரு. சீனுவிடமிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு ஷ்யாம் என்னிடம் வந்தார். "கோச்சிக்காத மச்சான். கயிட்டினு வரச் சொல்றாரு. எயில் நகர்ல பேஜாரு பண்றாங்களாம்" என்றார். கழற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் இப்போது அந்த நிறுவனத்தில் இல்லை. அதனால்தான் பெயரை எழுதுகிறேன்.

11. பேஜார் செய்தது யார் என்று விசாரித்ததில், எழில் நகர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் திரு. ராமானுஜம் என்று தெரிந்தது. மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் நல்ல பதவியில் இருப்பவர். அவரிடமும் நேரில் போனேன். அவர் என்னைக் கடிந்து பேசவில்லை. கேட்டுக்கு உள்ளே அவர், வெளியே நான். அவர் சொன்னது: "தப்பா எடுத்துக்காதே தம்பி. எனக்கு அந்த மாதிரி எண்ணமெல்லாம் கிடையாது. இங்கே பாதி மனை இன்னும் விக்கலை. காலனிக்கும் நமக்கும் ஒரே லைன்னு தெரிஞ்சா வாங்க வர்றவன் யோசிப்பான். அப்புறம் ஸ்பீடும் குறையும் இல்லையா?" வேகம் பற்றிய பேச்சு கடைசியில்தான் வந்தது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். திருப்போரூர் அலுவலகத்தில் கீழே எழில் நகர் மனை விற்கும் குடும்பம்தான் மேலே இணையம் விற்கிறது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

12. திரு. ராமானுஜம் வீட்டில் சமைத்து, பெருக்கி, பாத்திரம் கழுவுவது என் தாயார் சாராள். இந்த மனுவால் அவர் வேலை போகலாம். கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எய்து. ஆனா அந்த நெட்டு பொட்டிய நான்தான் தெனம் தொடைக்கிறேன்னு மட்டும் எய்தாத. வெக்கமா கீது" என்றார். அதை எழுதிவிட்டேன். எங்கள் வீட்டுக்கு வராத பெட்டியின் மேல் தூசு படியாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வீட்டு ஆள் என்பது தங்கள் கோப்பில் இருக்க வேண்டும். இதில் வெட்கப்பட வேண்டியவர் என் தாயார் இல்லை.

13. நாங்கள் ஆதிதிராவிடர் தெருவில் வாழும் கிறிஸ்தவர்கள். எங்கள் சாதிச் சான்றிதழில் தாழ்த்தப்பட்டோர் என்றில்லாமல் பிற்படுத்தப்பட்டோர் என்று எழுதப்பட்டுள்ளது. எனவே தீண்டாமை பற்றிய சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது குறிப்பெழுதக் கூடும். இணைப்பை மறுத்தவர் எங்களிடம் சான்றிதழ் கேட்கவில்லை. எந்தத் தெரு என்று மட்டும்தான் கேட்டார். எங்கள் தெருவிலேயே இந்துக் குடும்பங்களும் உள்ளன. அவர்களுக்கும் இல்லை.

14. அவ்வளவு கோபம் இருந்தால் டிஷ்ஷைக் கழற்றிப் போட வேண்டியதுதானே என்று எங்கள் இளைஞர்களே கேட்கிறார்கள். ஒரு ஸ்பேனர் போதும். கழற்றிவிட்டால் அக்காவுக்கு வர வேண்டிய லைனும் அதோடு போய்விடும். இதுதான் என் நிலை. எந்தப் பொருளால் எங்களை அவமானப்படுத்துகிறார்களோ, அதே பொருள் விழுந்துவிடக் கூடாதே என்று காற்று அடிக்கும்போதெல்லாம் மாடியில் ஏறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது ஜாக்குலின் என் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு குழந்தைப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

15. இனி, அவசரம் பற்றி. கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு எங்கள் மணி அடிக்காமல் இருந்ததில்லை. மணியின் நாக்கில் உள்ள துணியை அன்று அவிழ்த்துவிடுவது என்று இளைஞர்கள் முடிவு செய்துள்ளார்கள். அவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைக்கவில்லை. பண்டிகை நேரத்தில் சண்டை வேண்டாம் என்று போதகர் சொல்கிறார். விஷயம் திரு. சீனு காதுக்கும் போயிருக்கிறது. அவர் சொல்லியனுப்பியது: "மணி அடிச்சி லைன் கட்டாச்சின்னா கேசுதான். எக்கச்சக்க சாமான் மேல கீது. சேதப்படுத்தினாங்கன்னு எய்திக் குடுத்துர்வேன்." எங்கள் கோயிலில் எங்கள் மணியை எங்கள் பண்டிகைக்கு அடித்ததற்காக எங்கள் பையன்கள் காவல் நிலையத்தில் உட்கார வேண்டிவரும். காண்ட்ராக்ட் வேலையில் இருப்பவன் பெயர் வழக்கில் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அடிக்காவிட்டால், கட்டிய துணி கட்டியபடியே எங்கள் பிள்ளைகள் காலத்துக்கும் இருக்கும். எதைச் செய்தாலும் டிசம்பர் முடிந்துவிடும்.

16. ஊராட்சித் தலைவரிடம் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். "இது பிரைவேட் விசயம்பா, பஞ்சாயத்துல வராது" என்றார். தனியார் விஷயம்தான். தண்ணீர்க் குழாயும் சுடுகாட்டுப் பாதையும் எங்களுக்கு மறுக்கப்பட்ட காலத்திலும், ஒவ்வொரு முறையும் அது யாரோ ஒருவருடைய சொந்த விஷயமாகத்தான் இருந்தது.

17. ஆகவே நான் கோருவது: தாங்களோ, தாங்கள் அனுப்பும் பொறுப்புள்ள அலுவலரோ, 24ஆம் தேதி மாலைக்குள் கீழ்ச்சாலூர் வந்து எங்கள் மணிக்கூண்டில் ஏறிப் பார்க்க வேண்டும். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன். டிஷ்ஷின் பக்கத்தில் நின்று பார்த்தால் வடக்கே எழில் நகர் தெரியும், கிழக்கே விடுதிகள் தெரியும். எதையும் தேடாமலே, கண்ணுக்கு முதலில் தெரிவது எங்கள் தெரு. அங்கே நின்றுகொண்டு, கீழே சிக்னல் இறங்காது என்பதைத் திரு. சீனு தங்கள் முன்னால் ஒருமுறை சொல்லட்டும். அதன் பிறகு, கேட்கும் காலனி வீடுகளுக்கெல்லாம் இந்த மாதத்துக்குள் இணைப்பு கொடுக்கும்படியும், மணி அடிக்கத் தடையில்லாத ஸ்டாண்டு போடும்படியும் உத்தரவிடுங்கள். முடியாது என்பது அவர் பதிலானால், அந்த டிஷ்ஷை அவர் கையாலேயே கழற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அக்காவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

18. இரண்டில் எதுவும் தங்களால் ஆகாது என்றால், ஒன்றை மட்டும் எழுத்தில் தெரிவியுங்கள். கிறிஸ்துமஸ் அதிகாலையில் எங்கள் மணியடிப்பவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வாசலில் சபையார் எல்லோரும் நிற்பார்கள். அவரிடம் நாங்கள் என்ன சொல்ல வேண்டும்? அடிக்கச் சொல்வதா, வேண்டாம் என்பதா?

பதிலைத் தபாலில் அனுப்பவும். என் வீட்டில் இணையம் இல்லை.

காத்திருக்கும்,
ஆ. ஜெபக்குமார்
(கையொப்பம்)

இடம்: கீழ்ச்சாலூர் காலனி
நாள்: 14.12.2007